வணிகப் பாடத்தின் வழியே பட்டதாரித் திறன்கள்: குழு அசைன்மென்ட்டும் பிரசென்டேஷனும் போதுமா?

ஐந்தொகை எழுதியது:

மன்றத்தாருக்கு வணக்கம். இளங்கலை வணிக மேலாண்மை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு என்னும் தாளை நடத்தி வருகிறேன். எங்கள் பாடத்திட்டப் படிவத்தில் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே பட்டதாரித் திறன்கள் என்று தலைப்பிட்ட கட்டங்கள் உண்டு. தொடர்புத்திறன், குழுவாகப் பணியாற்றும் திறன், பகுத்தாயும் திறன், சிக்கலைத் தீர்க்கும் திறன் ஆகியவற்றுள் எவையெவை அந்தத் தாளில் வளர்க்கப்படுகின்றன என்று ஆசிரியர் டிக் இட்டுக் கையொப்பமிட வேண்டும். நான் மூன்று ஆண்டுகளாக நான்கிற்கும் டிக் இட்டுத்தான் கொடுத்து வருகிறேன். அதற்குச் சான்றாக ஒவ்வொரு செமஸ்டரிலும் ஐவர் கொண்ட குழுக்களுக்கு ஓர் அசைன்மென்ட் தந்து, கடைசி இரண்டு வாரங்களில் பிரசென்டேஷன் செய்யச் சொல்கிறேன். உடையும் பேச்சும் ஸ்லைடுகளும் ஆண்டுக்காண்டு மெருகேறி வருவதைக் கண்டு மகிழ்ந்தும் இருக்கிறேன்.

இந்த முறை செமஸ்டர் முடிவதற்குச் சற்று முன்பு ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். கற்பனையான ஓர் உற்பத்தி நிறுவனத்தின் ஈராண்டு விவரத்தை ஒரே அட்டவணையாகக் கொடுத்தேன். விற்பனை 100-லிருந்து 120 ஆகியிருக்கிறது. இலாபம் 10-லிருந்து 12. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி 12-லிருந்து 30. சரக்கிருப்பு 15-லிருந்து 19. வங்கியிருப்போ குறைந்துகொண்டே வருகிறது. "இலாபம் கூடியிருக்கிறதே, பணம் எங்கே போயிற்று என்று உரிமையாளர் கேட்கிறார், அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் எழுதுங்கள்" என்பதே கேள்வி. வரவேண்டிய பாக்கி மட்டும் 18 கூடியிருப்பதையும், ஈட்டிய 12-ஐ அது விழுங்கிவிட்டதையும் காண்பதற்குக் கூட்டல் கழித்தலுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் நிதிநிலை அறிக்கை என்றால் என்ன என்ற வரையறையில் தொடங்கினார்கள். பலர் குறுகிய காலக் கடன்களைத் தீர்க்கும் வலிமையைக் காட்டும் நடப்பு விகிதத்தையும் விரைவு விகிதத்தையும் கணக்கிட முனைந்து, அதற்கான எண்கள் அட்டவணையில் இல்லை என்று என்னிடம் முறையிட்டார்கள். பிரசென்டேஷனில் முதலாவதாக வந்த குழுவைச் சேர்ந்த ஒருவர் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்கள் வரைந்து, விற்பனை 20 விழுக்காடு வளர்ந்திருப்பதைப் பலம் என்ற கட்டத்தில் எழுதி, அத்துடன் நிறுத்திக்கொண்டார். உரிமையாளருக்குப் பதில் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேரே.

இதனால் எனக்குள் எழுந்த ஐயங்களை இங்கே வைக்கிறேன். இத்தகைய திறன்களைப் பாடத்துக்குள்ளேயே வளர்க்க முடியுமா, அல்லது அவற்றுக்கென்று தனித்தாள் வைப்பதுதான் சரியா? பாடத்துக்குள் என்றால், அறுபது மாணவர்களும் வாரத்துக்கு நான்கு மணி நேரமும் உள்ள ஓர் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது? பாடத்தைக் குறைக்காமல் இதைச் செய்ய இயலுமா என்பதும் என் கவலை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சிவப்புமை எழுதியது:

உங்கள் சோதனையை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறீர்கள், அம்மா. கிடைத்த முடிவை மறைத்துவிட்டு நான்கு டிக்குகளையும் இன்னொரு முறை இட்டுவிடுவது எளிது. வணிகத் துறையில் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

உங்கள் மாணவர்களுக்குத் திறனைக் காட்டுவதற்கு வாய்ப்பளித்திருக்கிறீர்கள், திறனைப் பயிற்றவில்லை. இரண்டும் வேறு. செமஸ்டரின் கடைசி வாரத்தில் ஒரே ஒரு முறை பிரசென்டேஷன் செய்பவர், ஏற்கெனவே நன்றாகப் பேசுபவராக இருந்தால் நன்றாகப் பேசுவார், தயங்குபவராக இருந்தால் தயங்குவார். அதன் பிறகு மதிப்பெண் வரும், விடுமுறை வரும். தவறைத் திருத்திக்கொண்டு மறுபடியும் செய்து பார்ப்பதற்கு நாளே இல்லாதபோது அதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆண்டு முடிவில் ஒரு நாள் எல்லாரையும் குளத்தில் இறக்கி, யார் மிதக்கிறார் என்று குறித்துக்கொள்வது போன்றது அது.

கற்றலின் நோக்கம், வகுப்பில் நடக்கும் செயல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்ற கருத்தைக் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் விரிவாக எழுதினார். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். உங்கள் தாளில் அதைப் பொருத்திப் பாருங்கள். நோக்கம் பகுத்தாய்தல் என்கிறது. வகுப்பில் நீங்கள் விகிதங்களைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டுகிறீர்கள். செமஸ்டர் தேர்வு வரையறையையும் சூத்திரத்தையும் கேட்கிறது. மாணவர் அறிவாளி. எதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்பதைப் படிவத்தைப் பார்த்து அவர் அறிந்துகொள்வதில்லை, பழைய வினாத்தாளைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறார். ஆகவே அவர் வரையறையில் தொடங்கியதில் வியப்பில்லை. பல ஆண்டுகளாக அதற்குத்தானே மதிப்பெண் கொடுத்து வந்திருக்கிறோம்.

நான் செய்து வந்ததைச் சொல்கிறேன். ஒரு செமஸ்டருக்கு ஒரு பெரிய அசைன்மென்ட்டுக்குப் பதிலாக ஆறு சிறிய குறிப்புகள். ஒவ்வொன்றும் அரைப்பக்கம் முதல் ஒரு பக்கம் வரை. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டவணை, ஒரு கேள்வி, அந்தக் கேள்வியைக் கேட்கும் ஓர் ஆள். முதல் குறிப்பில் தொடக்க வாக்கியத்தை மட்டுமே பார்ப்பேன். இரண்டாவதில், சொல்லப்படும் ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறதா என்பதை மட்டும். மூன்றாவதில், எந்த ஊகத்தின் மீது முடிவு நிற்கிறது என்று எழுதியிருக்கிறாரா என்பதை மட்டும். ஒரே தாளில் ஒன்பது குறைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் மாணவர் அவற்றுள் ஒன்றைக்கூடத் திருத்த மாட்டார். இதை நான் கற்றுக்கொள்ளப் பத்தாண்டுகள் ஆயின, என் புனைபெயரே அந்த நாள்களின் மிச்சம்தான்.

தொடக்க வாக்கியத்தை மட்டும் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்று ஐயுறலாம். ஒரு மாணவி எழுதியது: "பணப்புழக்கம் என்பது ஒரு நிறுவனத்தின் உயிர்நாடியாகும்." ஓரத்தில் நான் எழுதியது ஒரே கேள்வி: "உரிமையாளர் இதையா கேட்டார்?" அடுத்த முறை அவர் எழுதியது: "நிறுவனத்தின் பணப்புழக்கம் குறைந்ததற்குப் பல காரணங்கள் உள்ளன." மறுபடியும் ஒரு கேள்வி: "அவற்றுள் பெரியது எது, எவ்வளவு?" மூன்றாம் முறை வந்தது இது: "சென்ற ஆண்டு விற்ற சரக்குக்கான பணத்தைப் பெறச் சராசரியாக 44 நாள் ஆயிற்று, இந்த ஆண்டு 91 நாள் ஆகிறது, உங்கள் பணம் வாடிக்கையாளரிடம் நிற்கிறது." உங்கள் எண்களையே இங்கே பொருத்தியிருக்கிறேன் (12-ஐ 100-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44, 30-ஐ 120-ஆல் வகுத்துப் பெருக்கினால் 91), ஆனால் அந்த வாக்கியம் வளர்ந்த விதம் நான் கண்டதுதான். மூன்றாம் வாக்கியத்தை எழுதுவதற்கு அந்தப் பெண் பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது. பாடம் குறைந்துவிடுமோ என்ற உங்கள் கவலைக்கு என் பதில் இதில் இருக்கிறது.

இன்னொன்று: முதல் இரு குறிப்புகளுக்கு மதிப்பெண் இடாதீர்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிட்டவில்லை. அவர் ஆராய்ந்தது பள்ளிப் பிள்ளைகளை. ஆயினும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கல்லூரி மாணவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

அறுபது பேருக்கு எப்படி என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டை எடுத்துப் படியுங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை இரண்டு அல்லது மூன்றுதான் இருக்கும். பெயரை மறைத்து அவற்றை வகுப்பில் திரையில் காட்டி, அங்கேயே அனைவரையும் தம் வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த குறிப்புக்கு வேறு பன்னிரண்டு. ஐந்தாம் குறிப்புக்குள் எல்லாருடைய எழுத்தையும் ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். ஆறாவதை மட்டும் முழுமையாகத் திருத்தி மதிப்பெண் இடுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

மேடம், நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வணிகத்தில் பட்டம் பெற்றவன். இப்போது ஒரு விநியோக நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். குழு அசைன்மென்ட் பற்றி மாணவர் தரப்பிலிருந்து சொல்ல வேண்டியவை சில உண்டு.

எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைப்பு கிடைத்தவுடன் அதை ஐந்தாக வெட்டினோம். முன்னுரை ஒருவருக்கு, நிறுவன வரலாறு ஒருவருக்கு, விகிதங்கள் எனக்கு, படங்களும் வடிவமைப்பும் ஒருவருக்கு, முடிவுரை ஒருவருக்கு. முடிவுரை எழுதியவர் நான் கணக்கிட்ட விகிதங்களைப் பார்க்கவே இல்லை. பிரசென்டேஷனுக்கு முந்தைய இரவுதான் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. நான் கடன் சுமை அதிகம் என்று காட்டிய ஸ்லைடுக்கு இரண்டு ஸ்லைடு தள்ளி, நிறுவனத்தின் நிதிநிலை வலுவாக இருக்கிறது என்று முடிவுரை சொல்லியது. யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு நல்ல மதிப்பெண். குழுவாகப் பணியாற்றும் திறன் என்ற தலைப்பின் கீழ் நாங்கள் கற்றது வேலையைத் துண்டு போடுவதும் கடைசி நேரத்தில் ஒட்டுவதும்தான். மூன்றாண்டுப் படிப்பில் இது ஒன்பது முறை நடந்தது, அவற்றில் நான் ஒன்றுமே செய்யாமல் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்ட முறையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் உறைத்த பாடம் வேலையில் சேர்ந்த பிறகு நடந்த ஒரு பயிற்சியில் கிடைத்தது. பியர் விளையாட்டு என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது, மேலாண்மைப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் ஆடப்படுகிறது. சில்லறை வணிகர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு இருக்கைகள். வாடிக்கையாளர் கேட்கும் அளவு சில்லறை வணிகருக்கு மட்டுமே தெரியும். மற்றவர் தமக்கு வரும் ஆர்டரை மட்டுமே பார்க்கலாம். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் ஆகும். நான் மொத்த வணிகர். கையிருப்புத் தீர்ந்ததும் பயந்துபோய் ஆர்டரைக் கூட்டினேன், வராததால் இன்னும் கூட்டினேன். பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து குவிந்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் விடையைச் சொல்லவில்லை. சில்லறை வணிகர் தவிர்த்த மற்ற மூவரையும், வாடிக்கையாளர் தேவை வாரந்தோறும் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரைபடம் வரையச் சொன்னார். நான் மலை போல் ஏறி இறங்கும் ஒரு கோட்டை வரைந்தேன். மற்றவர்களும் அப்படியே. பிறகு உண்மையைக் காட்டினார்: முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 4, ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசி வரை வாரத்துக்கு 8. ஒரே ஒரு படி, அவ்வளவுதான். அந்த மலையை வாடிக்கையாளர் உண்டாக்கவில்லை, எங்கள் நால்வரின் ஆர்டர்களே உண்டாக்கின.

தேவையில் வரும் சிறு மாற்றம் விநியோகச் சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாகும் அந்த அலைவைப் பற்றிக் கல்லூரியில் ஐந்து மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நேர்முகம் எழுதியது:

புதிதாகச் சேரும் வணிகப் பட்டதாரிகளுக்கு முதல் ஆறு மாதங்கள் மேற்பார்வையாளராக இருப்பது என் வேலை. பட்டதாரிகளிடம் என்ன குறை என்று கல்லூரிகளிலிருந்து வருபவர்கள் எங்களிடம் கேட்கும்போதெல்லாம் எங்கள் தரப்பினர் தொடர்புத்திறன் போதவில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதைக் கேட்டுக் கல்லூரிகளும் பேச்சுப் பயிற்சி வைக்கின்றன. குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு, ஏனெனில் நாங்கள் சொல்ல வந்தது அதுவன்று.

சரளமாகப் பேசத் தெரியாதவரால் எனக்கு இடையூறு ஏற்பட்டதாக நினைவில்லை. இடையூறு வருவது வேறு இடங்களில். ஒரு வேலையைக் கொடுத்தவுடன் "இது எதற்காக, யார் பார்க்கப் போகிறார்கள், எப்போது வேண்டும்" என்று கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போவது. எக்செல் கோப்பில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பது. தரவில் ஒரு மாதம் விடுபட்டிருப்பதைக் கண்ட பின்னும், சொன்னால் தன் மீது பழி வருமோ என்று வாய் திறக்காமல் சராசரியை இட்டு நிரப்பிவிடுவது. இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. கொடுக்கப்படும் கணக்கில் எல்லா எண்களும் இருக்கும், எல்லாம் சரியாகவே இருக்கும் என்று மூன்றாண்டுகள் பழக்கப்பட்டவர் அப்படித்தான் செய்வார்.

ஆகவே ஐந்தொகை அவர்களுக்கு என் பரிந்துரை ஒன்று: உங்கள் அட்டவணைகளைக் கெடுத்துக் கொடுங்கள். ஓர் எண்ணை நீக்கிவிடுங்கள். இரண்டு எண்களைப் பொருந்தாமல் வையுங்கள். தேவையற்ற ஒரு பத்தியைச் சேருங்கள். "உங்களிடம் இல்லாத எந்தத் தகவலை யாரிடம் கேட்பீர்கள்?" என்ற கேள்விக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். விகிதத்துக்கான எண்கள் இல்லை என்று உங்களிடம் முறையிட்ட மாணவர்கள் பாதி வழி வந்துவிட்டார்கள். உரிமையாளரிடம் கேட்க வேண்டியதை ஆசிரியரிடம் கேட்டுவிட்டார்கள், அவ்வளவே.

மறுபக்கம் எழுதியது:

இதுவரை எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் அனைவரும் தொடாமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. நிதிநிலை அறிக்கை வகுப்பில் நல்ல குறிப்பு எழுதக் கற்றவர், சந்தைப்படுத்தல் வகுப்பிலோ பணியிடத்திலோ அதே போல் எழுதுவார் என்பதற்கு என்ன உறுதி?

திறன் என்பதைப் பையில் போட்டு எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய கருவி போல நாம் பேசுகிறோம். 1901-இலேயே உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடுவதில் நன்கு பயிற்சி பெற்றவர்கள், வேறு வடிவங்களுக்கோ வேறு அளவுகளுக்கோ போனபோது அந்தத் தேர்ச்சி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1980-இல் கிக், ஹோலியோக் இருவரும் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு கோட்டையைப் பிடிக்கத் தளபதி தன் படையைச் சிறு பிரிவுகளாக்கிப் பல வழிகளில் அனுப்பிய கதையை முதலில் படிக்கத் தந்தார்கள். பிறகு, உடல் திசுக்களைச் சேதப்படுத்தாமல் கட்டியைக் கதிரால் அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். விடை ஒன்றே: பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைக் கட்டியின் மீது குவிப்பது. கதையைப் படித்தவர்களுள் தாமாக அதைக் கண்டவர்கள் சிறுபான்மையினரே. "சற்றுமுன் படித்த கதை உதவக்கூடும்" என்று ஒரு சொல் சொன்னவுடன் பெரும்பாலோர் கண்டுகொண்டார்கள். கதை மனத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய வேளை இது என்பது தெரியவில்லை. கடைசிபெஞ்ச் அவர்கள் ஐந்து மதிப்பெண் விடை எழுதியிருந்தும் மொத்த வணிகர் இருக்கையில் அமர்ந்தபோது அது கைக்கு வராமல் போனதும் இதே கதைதான்.

தனித்தாள் என்ற யோசனையை இதனால்தான் எதிர்க்கிறேன். சிக்கல் தீர்க்கும் திறன் என்று பெயரிட்ட தாளில் தீப்பெட்டிக் குச்சிப் புதிர்களைத் தீர்த்தவர், வாடிக்கையாளர் பாக்கியில் உள்ள சிக்கலைக் கண்டுகொள்வார் என்று நம்புவதற்குக் காரணமே இல்லை. பாக்கி என்றால் என்ன என்று அறியாதவருக்கு அங்கே ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது.

அதே வேளையில் வழி இல்லாமலும் இல்லை. லோவன்ஸ்டைன், தாம்சன், ஜென்ட்னர் ஆகியோர் 1999-இல் மேலாண்மை முதுநிலை மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பேரம் பேசுதல் தொடர்பான இரண்டு கேஸ்களை, அதாவது நிகழ்வு விவரங்களை,த் தனித்தனியே படித்து ஆலோசனை எழுதியவர்களைவிட, அதே இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர்கள் பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் அந்த உத்தியைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். படித்த கேஸ்கள் ஒன்றே, ஒப்பிட்டதுதான் வேறுபாடு. நம் வகுப்புகளில் கேஸ் ஸ்டடி எப்படி நடக்கிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 1908-இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளி, சட்டக் கல்வியிலிருந்து எடுத்துத் தனக்கேற்ப வளர்த்துக்கொண்ட அந்த முறையில் மாணவர் தாம் மேலாளராக இருந்து முடிவெடுத்து, எதிர்க்கருத்துக்கு முன் அதைக் காத்து நிற்க வேண்டும். நாமோ கேஸை வாசிக்கச் சொல்லி, அதன் கீழே உள்ள நான்கு கேள்விகளுக்கு விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். அடுத்த வாரம் வேறொரு கேஸ், முந்தையதன் நினைவே இல்லாமல்.

ஆகவே சிவப்புமை அவர்களின் ஆறு குறிப்புகளில் ஒரு மாற்றம் செய்யலாம். இரண்டாவதும் ஐந்தாவதும் வெளித்தோற்றத்தில் முற்றிலும் வேறாக, உள்ளே ஒன்றாக இருக்கட்டும். ஒன்று பாக்கி வசூலாகாத உற்பத்தி நிறுவனம். மற்றொன்று, வேலையை முடித்துத் தந்து மூன்று மாதம் கழித்துப் பணம் பெறும் மென்பொருள் நிறுவனம். அங்கே சரக்கிருப்பே இருக்காது, சம்பளம் மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கும். ஐந்தாவதை எழுதிய பிறகு, "இதற்கும் இரண்டாவதற்கும் பொதுவானது என்ன, அதை முதலிலேயே கண்டீர்களா?" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

சிவப்புமை எழுதியது:

மறுபக்கம் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். நான் ஆறு அட்டவணைகளை எனக்குக் கிடைத்த வரிசையில் வைத்துவந்தேனே ஒழிய, ஒன்றோடு ஒன்றைப் பிணைக்க நினைக்கவில்லை.

குழுப்பணி பற்றிக் கடைசிபெஞ்ச் சொன்னதற்கு ஒரு குறிப்பு. கூட்டத்தில் தனிமனித உழைப்பு குறைவது சோம்பேறிகளின் குணமன்று. சமூக உளவியலாளர் லத்தானேயும் அவருடைய தோழர்களும் 1979-இல் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லி அளந்தபோது, கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் எழுப்பிய ஒலி குறைந்தது. ஒவ்வொருவர் ஒலியும் தனித்து அறியப்படும் என்று தெரிந்தபோது அந்தக் குறைவு மறைந்ததையும் பின்னர் காட்டினார்கள். எனவே குழுவுக்குள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையை வைக்கலாம். நால்வர் கொண்ட ஒரு குழுவுக்கு 60 மதிப்பெண் என்று கொள்வோம். நால்வரும் ஒருவருக்கொருவர் இட்ட புள்ளிகளிலிருந்து ஒவ்வொருவரின் பங்குக்கும் ஓர் எண் வரும், நான்கின் சராசரியும் 1 ஆக இருக்கும். 1.2, 1.1, 1.0, 0.7 என்று வந்தால் மதிப்பெண் 72, 66, 60, 42 ஆகும். முழு மதிப்பெண்ணையும் இப்படிப் பங்கிட்டால் பகை வரும். பாதியை மட்டும் பங்கிடுவதே என் வழக்கம்.

ஆனால் இதைவிட முக்கியம், வெட்டிப் பங்கு போட முடியாத வேலையைக் கொடுப்பது. லாரி மைக்கேல்சன் 1970-களின் இறுதியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வளர்த்த குழுவழிக் கற்றலில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே சிக்கல், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு முடிவை உயர்த்திக் காட்ட வேண்டும்: கடன் கொடுக்கலாமா, கூடாதா? அறிக்கையைத் துண்டு போடலாம், "கூடாது" என்ற ஒரு சொல்லைத் துண்டு போட முடியாது. அந்த இருபது நிமிடத்தில் ஐவரும் ஒரே எண்ணைப் பார்த்து வாதாடித்தான் ஆக வேண்டும்.

ஐந்தொகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இவற்றை மறுபடியும் மறுபடியும் படித்தேன். கடைசிபெஞ்ச் அவர்களின் முடிவுரைக் கதையைப் படித்தபோது, அதே போன்ற ஒரு முரண்பாட்டை என் வகுப்பில் கண்டும், நேரமாகிவிட்டது என்று கேள்வி கேட்காமல் கடந்து போனது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அடுத்த செமஸ்டரில் பிரசென்டேஷனை நீக்கிவிடுகிறேன். ஆறு குறிப்புகள், அவற்றில் இரண்டும் ஐந்தும் பிணைந்தவை, மூன்றாவதிலும் நான்காவதிலும் கெடுத்த அட்டவணை. குழுவாக முடிவெடுக்கும் வகுப்பு இரண்டு. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. நடத்தும் விகிதங்களின் எண்ணிக்கையைப் பதினெட்டிலிருந்து பத்தாகக் குறைக்க வேண்டியிருக்கும், ஆகவே பாடம் சிறிதும் குறையாது என்று என்னால் சொல்ல இயலவில்லை. படிவத்தில் பகுத்தாயும் திறனுக்கும் தொடர்புத்திறனுக்கும் மட்டும் டிக் இட்டுக் கொடுத்திருக்கிறேன். துறைத்தலைவர் மற்ற இரண்டும் ஏன் விடுபட்டன என்று கேட்டார். இன்னும் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை.

முதல் குறிப்புக்கான கேள்வியை எழுதிப் பார்த்தேன். குறை இருந்தால் சொல்லுங்கள்: "கீழ்க்காணும் அட்டவணையைப் பகுப்பாய்வு செய்து, நிறுவனத்தின் பணநிலை குறித்த உங்கள் கருத்துகளை உரிமையாளருக்கு ஒரு பக்கத்துக்குள் எழுதுக."

சிவப்புமை எழுதியது:

"பகுப்பாய்வு செய்து" என்பதையும் "கருத்துகளை" என்பதையும் எடுத்துவிடுங்கள், அம்மா. அந்த இரண்டு சொற்களைக் கண்டதும் மாணவர் பழைய வினாத்தாளுக்குத் திரும்பிவிடுவார். உரிமையாளர் கேட்பது போலவே கேளுங்கள்: "அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்குமா?"